மறுபடி எழுதும் வட்டுகள்: இன்னும் பயன்படுத்தலாமா, ஒதுக்கிவிடலாமா?

#1 பரண்மேல்

கையில் இருக்கும் சரக்கு இது: உறை பிரிக்காத டிவிடி+ஆர்டபிள்யூ ஒரு கட்டு, பலமுறை எழுதி அழித்த டிவிடி-ஆர்டபிள்யூ சில, 25 ஜிபி பிடி-ஆர்இ (மறுபடி எழுதும் புளூரே) கொஞ்சம். புளூரே எழுதும் டிரைவும் இன்னும் நன்றாக ஓடுகிறது.

படங்களும் வீடியோக்களும் இரண்டு ஹார்ட்டிஸ்க்குகளில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. கணக்கு வழக்கு, கடிதங்கள், எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைகள் என்று வாராவாரம் மாறுகிற கோப்புகள் எல்லாம் சேர்த்து 3 ஜிபி தேறும். இவற்றை ஆர்டபிள்யூ வட்டுகளில் சுழற்சி முறையில் எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். யாரிடம் கேட்டாலும் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணம் உண்டா, வழக்கொழிந்துவிட்டது என்பதற்காக மட்டும் சிரிக்கிறார்களா?

#2 மின்வேகம்

காரணம் உண்டு. டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 எம்பி. கடைகளில் விற்ற ஆர்டபிள்யூ வட்டுகளில் பெரும்பாலானவை 4எக்ஸ். அதாவது நொடிக்கு ஐந்தரை எம்பி. ஒரு வட்டு நிரம்பக் கால் மணி நேரம், எழுதியதைப் படித்துச் சரிபார்க்க இன்னும் கொஞ்சம். அதே 3 ஜிபியைச் சாதாரண பென்டிரைவில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். 4.7 ஜிபி என்று உறையில் போட்டிருப்பதும் கணினியில் பார்த்தால் 4.38 என்றுதான் காட்டும். இதற்காக ஒரு டிரைவையும் கட்டிக்காத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

#3 ஒளிக்கீற்று

பரண்மேல் கேட்டது நம்பலாமா என்று. மின்வேகம் பதில் சொன்னது வேகத்தைப் பற்றி. வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் என்பது யாருக்கும் பெரிய இழப்பில்லை. நம்பகத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வட்டுக்குள் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர், டிவிடி-ஆர் வட்டுகளில் இருப்பது சாயப் படலம். லேசர் அதன் தன்மையை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. ஆர்டபிள்யூவில் சாயமே கிடையாது. இருப்பது ஓர் உலோகக் கலவை. சிடி-ஆர்டபிள்யூவில் வழக்கமாக வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் நான்கும் இருக்கும். லேசர் ஒரு புள்ளியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி உருக்கிவிட்டுச் சட்டென்று விலகிக்கொண்டால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் தாறுமாறாக உறைந்துவிடும். அந்தப் புள்ளி ஒளியைக் குறைவாகத் திருப்பும். அதே புள்ளியை 200 டிகிரி அளவில் சற்று வைத்திருந்தால் அணுக்கள் வரிசைக்கு வந்து படிகமாகும். ஒளி கூடுதலாகத் திரும்பும். முதலாவது எழுதுவது, இரண்டாவது அழிப்பது.

இப்படி உருக்கி உறைய வைப்பதை ஏறத்தாழ 1000 முறை தாங்கும் என்பதுதான் சிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ஆர்டபிள்யூ, பிடி-ஆர்இ எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் கணக்கு. வாரம் ஒருமுறை எழுதினால் 19 ஆண்டு ஓடும். எனவே எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. தடை ஒளியில் இருக்கிறது. அச்சிட்ட சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். பழைய சிடி பிளேயர்கள் பல இந்த வட்டை வட்டு என்றே ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். டிவிடியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. டிவிடி-ஆர்டபிள்யூ திருப்பும் ஒளி, இரண்டடுக்கு டிவிடி திருப்பும் அளவுக்கு நெருக்கமாக இருந்ததால், முதல் தலைமுறை பிளேயர்கள் சில அதை இரண்டடுக்கு வட்டு என்று எண்ணி, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடிக்கொண்டிருந்தன.

#4 கேள்விக்குறி

சாயம் இல்லை என்றால் வெளிச்சத்தில் கெடாது அல்லவா? அப்படியானால் டிவிடி-ஆரைவிட டிவிடி-ஆர்டபிள்யூ நீண்ட நாள் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#5 ஒளிக்கீற்று

வெளிச்சத்தைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் சரி. வெப்பம் என்று வந்தால் கதை வேறு. தாறுமாறாக உறைந்த நிலை இயற்கைக்கு உகந்த நிலை அல்ல. வாய்ப்புக் கிடைத்தால் படிகமாக மாறவே விரும்பும். அறை வெப்பத்தில் அந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வட்டை விட்டுவைப்பது போன்ற காரியங்களைத்தான் செய்யக்கூடாது.

அதோடு, ஒளி ஏற்கெனவே குறைவாகத் திரும்புவதால் இந்த வட்டுகளில் தவறுக்கு இடம் குறைவு. கீறல், தூசி, தேய்ந்த லேசர் மூன்றில் ஒன்று சேர்ந்தாலும் டிரைவ் திணறும். வட்டின் ஓரத்தில் ஒட்டு விடுவது, ஒளி திருப்பும் படலம் அரிப்பது எல்லாம் எந்த வட்டுக்கும் பொதுவான நோய்கள். ஆக, சாயம் இல்லை என்ற ஒன்றை வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. புளூரேயில் இந்த ஒப்பீடே பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது: அங்கே ஒருமுறை எழுதும் பிடி-ஆரிலும் வழக்கமான வகையில் சாயம் கிடையாது, எல்டிஎச் என்று குறித்த வகையில் மட்டுமே உண்டு.

#6 ஏடுகாப்பு

நான் ஆவணக் காப்பு வேலையில் இருப்பவன். ஆயுளைப் பற்றிய இந்த வாதம் சுவையானதுதான், ஆனால் எங்கள் துறையில் ஆர்டபிள்யூவைத் தொடாததற்குக் காரணம் அதுவல்ல. அழிக்க முடியும் என்பதே காரணம். பத்து வட்டுகள் மேசைமேல் இருக்கும்போது தவறான வட்டை டிரைவில் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று சொடுக்கிவிட்டால் முடிந்தது. ஒருமுறை எழுதி மூடிய, அதாவது இனி எதையும் சேர்க்க முடியாதபடி முடித்த வட்டில் அந்த விபத்துக்கு வழியே இல்லை. பிறகு ஒரு நாள் யாராவது இந்தக் கோப்பு அன்று எழுதியதுதானா, இடையில் மாற்றியதா என்று கேட்டாலும், எழுதி மூடிய வட்டு ஓரளவு சாட்சி சொல்லும். ஆர்டபிள்யூ எதற்கும் சாட்சி சொல்லாது.

இன்னொன்று. வட்டு தயாரிப்பே சுருங்கிக்கொண்டு வருகிறது. பானசோனிக் 2023 பிப்ரவரியில் எழுதக்கூடிய புளூரே வட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. மினிடிஸ்க்கும் மினிடிவி டேப்பும் அதோடு சேர்ந்து போயின. வேறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்றாலும், புதிதாக ஒருவர் இந்த வழிக்கு வருகிறேன் என்றால் யோசித்து வாருங்கள் என்றுதான் சொல்வேன். வட்டைவிட டிரைவ்தான் முதலில் கிடைக்காமல் போகும்.

#7 மின்வேகம்

ஏடுகாப்பு எனக்கு வேலை வைக்கவில்லை. நன்றி.

#8 தனித்தீவு

அவசரப்படாதீர்கள் மின்வேகம். பென்டிரைவ் ஏதோ அழியாத செப்பேடு மாதிரி பேசுகிறீர்கள். பிளாஷ் நினைவகத்தில் தகவல் இருப்பது அடைத்து வைத்த மின்னூட்டமாக. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். பிளாஷ் நினைவகத்தால் ஆன எஸ்எஸ்டிகளுக்கு, சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்திருக்கும் தரத்தில் சாதாரணப் பயனருக்கான டிரைவ், தன் எழுத்து ஆயுளை முழுக்கப் பயன்படுத்திய பின், 30 டிகிரியில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும். புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனால் பேர் தெரியாத பென்டிரைவுக்குள் எந்தத் தரத்துச் சில்லு இருக்கிறது என்று யார் பிரித்துப் பார்த்தோம்? கெடும்போது சொல்லிக்கொண்டு கெடுவதும் இல்லை. ஒரு நாள் செருகினால் கணினி கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

நான் ஆர்டபிள்யூவை இன்றும் பயன்படுத்துவது வேறு காரணத்துக்காக. இணையத்தோடு இணைக்காத கணினி ஒன்று இருக்கிறது. அதற்குள் கோப்புகளைக் கொண்டுபோக வேண்டும். யூஎஸ்பி சாதனம் வெறும் பெட்டி அல்ல. அதற்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் அதற்கான மென்பொருளும் இருக்கின்றன. அந்த மென்பொருளை மாற்றினால் பென்டிரைவே கீபோர்டு வேடம் போட்டுக் கட்டளைகளைத் தட்டும். 2014-இல் பேட்யூஎஸ்பி என்ற பெயரில் இதைச் செய்தே காட்டினார்கள். வட்டில் சில்லு கிடையாது. வைரஸ் உள்ள கோப்பை வட்டிலும் எழுத முடியும் என்பது உண்மை; தானாக இயங்கும் வசதியை அணைத்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் வட்டு எந்தச் சாதனமாகவும் வேடம் போடாது. டிரைவ் எப்போதும் அந்தக் கணினியோடேயே இருக்கிறது, வந்து போவது வட்டு மட்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு டிவிடி-ஆரை எழுதிக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஆர்டபிள்யூ அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

#9 இரும்புப்பெட்டி

பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் ஒரு சொல். யூஎஸ்பியிலிருந்து துவங்கத் தெரியாத கணினிகள் இன்னும் இருக்கின்றன. லினக்ஸ் நிறுவல் வட்டு, நினைவகச் சோதனை வட்டு என்று அடிக்கடி மாறுகிறவற்றுக்கு ஆர்டபிள்யூதான் சரி. டிவிடி வீடியோ வட்டு தயாரிப்பவர்களும் மெனு சரியாக ஓடுகிறதா என்று முதலில் ஆர்டபிள்யூவில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் டிவிடி-ஆரில் எழுதுவார்கள்.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிடி-ஆர்டபிள்யூவில் வேக வகைகள் உண்டு. முதலில் வந்தவை 4எக்ஸ் வரை, பிறகு ஹை ஸ்பீடு, அதன் பின் அல்ட்ரா ஸ்பீடு. பழைய டிரைவ் ஒன்றில் அல்ட்ரா ஸ்பீடு வட்டைப் போட்டால் படிக்கும், எழுத மறுக்கும். வட்டு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இதனால்தான். உறையில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள்.

#10 கோப்புறை

யாரும் சொல்லாத நன்மை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு ஆர்டபிள்யூ வட்டைப் பென்டிரைவ் போலவே பயன்படுத்தலாம். ஃபார்மட் செய்துவிட்டு, கோப்பை இழுத்துப் போட்டால் போதும். வேண்டாததை அழித்தால் இடமும் திரும்பக் கிடைக்கும். பரண்மேலுக்கு இதுதான் எளிது.

#11 இரும்புப்பெட்டி

தயவுசெய்து வேண்டாம்! இந்த ஒரு வசதிதான் ஆர்டபிள்யூவின் பெயரையே கெடுத்தது.

இழுத்துப் போடும் முறையில் வட்டின்மேல் யூடிஎஃப் கோப்பு முறைமை உட்காருகிறது. ஒரு சின்னக் கோப்பை மாற்றினாலும் கோப்புப் பட்டியல் இருக்கும் இடங்களைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒளிக்கீற்று சொன்ன 1000 முறை வட்டு முழுவதற்கும் ஒன்றாகத் தேயும் கணக்கல்ல; ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி. மற்ற இடமெல்லாம் புத்தம் புதிதாக இருக்க, பட்டியல் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து போகும். பட்டியல் போனால் எல்லாம் போனது போலத்தான். எழுதி முடிக்கும் முன் வட்டை வெளியே எடுத்துவிட்டால் அதே கதி. சிடி-ஆர்டபிள்யூ காலத்தில் இதற்காகவே 700 எம்பி வட்டில் 570 எம்பி அளவுக்குத்தான் எழுத முடிந்தது. மீதியை இந்த ஏற்பாடே விழுங்கிவிடும். எழுதிய மென்பொருள் வேறு கணினியில் இல்லாவிட்டால் திறக்காத வட்டுகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

சிலேட்டைப் போல் பயன்படுத்துங்கள்: முழுக்க எழுது, வேண்டாதபோது முழுக்க அழி. பரண்மேலின் 3 ஜிபியை ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டில் இருக்க வேண்டியதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஆக்கி, ஒரே மூச்சில் எழுதினால் வட்டு முழுதும் சீராகத் தேயும், எந்தக் கணினியும் படிக்கும்.

#12 கோப்புறை

நான் இழுத்துப் போட்டு எழுதிய வட்டுகள் இன்றும் படிக்கின்றன. எல்லோருக்கும் கெட்டுப்போகும் என்று சொல்வது மிகை.

#13 இரும்புப்பெட்டி

படிக்கும்வரை படிக்கும் கோப்புறை. காப்பு நகலுக்கு அது போதாது.

#14 ஒளிக்கீற்று

கோப்புறை சொல்லும் வசதியை முறையாகத் தந்த வட்டு ஒன்று இருந்தது: டிவிடி-ராம். 1,00,000 முறை எழுதலாம். கெட்ட இடங்களை டிரைவே அடையாளம் கண்டு மாற்று இடத்தில் எழுதிவிடும். பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னச் செவ்வகங்கள் வரிசையாகத் தெரியும். அவை ஒவ்வொரு பகுதியின் முகவரியைக் குறிக்கும் நிரந்தர அச்சுகள். எனக்கு மிகவும் பிடித்த வட்டு அதுதான். எல்லா டிரைவும் படிக்காது என்பதுதான் அதைக் கொன்றது.

இப்போது பரண்மேலின் வட்டுகளுக்கு வருகிறேன். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒன்றல்ல. டிவிடி+ஆர்டபிள்யூவை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. பழையதன் மேலேயே புதியதை எழுதலாம். டிவிடி-ஆர்டபிள்யூவை வழக்கமான முறையில் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அங்கே விரைவு அழிப்பு செய்தால் முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுத மட்டுமே முடியும், பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டுமானால் முழு அழிப்பு தேவை. சுழற்சிக்குப் பிளஸ்தான் தொல்லையில்லாதது.

பிடி-ஆர்இ வட்டுக்குக் கெட்ட இடங்களைக் கவனிக்கும் ஏற்பாடு டிவிடி-ராமைப் போலவே உள்ளேயே உண்டு. ஆனால் எழுதும்போதே ஒவ்வொரு பகுதியையும் படித்துச் சரிபார்ப்பதால் வேகம் பாதியாகும். பிடி-ஆர்இ 2எக்ஸ் (புளூரேயின் எக்ஸ் டிவிடியின் எக்ஸைவிடப் பெரியது), அதாவது நொடிக்கு 9 எம்பி. 25 ஜிபி எழுத முக்கால் மணி நேரம் ஆக வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஆகும். லினக்ஸில் எக்ஸாரிஸோ போன்ற கருவிகளில் இந்தச் சரிபார்ப்பை அணைத்துவிடும் வசதி இருக்கிறது. காப்பு நகலுக்கு அணைக்காதீர்கள் என்பது என் கருத்து. அவசரக்காரர்கள் அணைத்துவிட்டுப் பிறகு வட்டைக் குறை சொல்வார்கள்.

#15 பரண்மேல்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். உறை பிரிக்காத டிவிடி+ஆர்டபிள்யூவில் எழுதியது ஒரு பிழையும் இல்லாமல் திரும்பப் படித்தது. பழைய டிவிடி-ஆர்டபிள்யூக்களில் சில எழுதும்போது ஒன்றும் சொல்லவில்லை. படிக்கும்போது வெளி ஓரத்துக்கு அருகில் டிரைவின் சத்தம் மாறியது, வேகம் விழுந்தது, கடைசியில் படித்தும்விட்டது. இவற்றை நம்பலாமா?

#16 ஒளிக்கீற்று

நம்பாதீர்கள். டிவிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு வலுவானது; சில பைட்டுகள் போனாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அதனால்தான் கடைசியில் படித்தது. டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றது என்றால், அந்த ஏற்பாடு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில டிரைவுகள் உள்பிழைகளின் எண்ணிக்கையை வெளியே சொல்லும். உங்களுடையது சொன்னால் வரைபடமாகப் பார்க்கலாம். சொல்லாவிட்டாலும் படிக்கும் வேகத்தின் வரைபடம் போதும். கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். பள்ளம் விழும் இடம் நோயுள்ள இடம்.

ஓரத்தில் முதலில் கெடுவது வழக்கம்தான். எழுதுவது உள்ளிருந்து வெளியே போகிறது, எனவே 4.38-ஐ நிரப்பாமல் 3 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்குச் சாதகம்.

#17 ஏடுகாப்பு

பரண்மேல், உங்கள் தேவை ஆவணக் காப்பு அல்ல என்பது இப்போது தெளிவாகிறது. வாராவாரம் மாறும் கோப்புகளின் அண்மை நகல்தான் உங்களுக்கு வேண்டும். அதற்கு ஆர்டபிள்யூ கூடாது என்று சொல்ல மாட்டேன். இப்படிச் செய்யலாம்: நான்கு வட்டுகளில் எண்ணிட்டு, இந்த வாரம் முதலாவது, அடுத்த வாரம் இரண்டாவது என்று சுழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் கோப்புகளின் ஷா-256 (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) பட்டியலும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் வட்டை வெளியே எடுத்து மறுபடி போட்டு, அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வெளியே எடுக்காமல் ஒப்பிட்டால் கணினி தன் நினைவில் இருப்பதையே திருப்பிக் காட்டக்கூடும்.

கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், செருகியே கிடக்கும் ஹார்ட்டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். பெட்டிக்குள் இருக்கும் வட்டை அதனால் தொட முடியாது. ஆண்டு முடிவில் ஒரு நகலை மட்டும் பிடி-ஆரில் எழுதி மூடி வையுங்கள். நிலைத்திருக்க வேண்டியது அது.

#18 மின்வேகம்

பெட்டிக்குள் இருக்கும் பென்டிரைவையும் அந்த வைரஸ் தொடாது என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

#19 தனித்தீவு

அதே பென்டிரைவில் அடுத்த நகலை எழுதச் செருகும்போது தொடும். பழைய நகல்களும் அதற்குள்தானே இருக்கும்? நான்கு வட்டில் ஒன்றைப் போட்டால் மற்ற மூன்றும் வெளியே.

#20 மின்வேகம்

நான்கு பென்டிரைவ் வாங்கினால்? சரி, விடுங்கள். கையில் இருக்கும் வட்டைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புதிதாக வட்டும் டிரைவும் வாங்கி ஆரம்பிக்காதீர்கள் என்பதில் மட்டும் மாறமாட்டேன்.

#21 பரண்மேல்

புதிதாக எதுவும் வாங்கப்போவதில்லை. பிளஸ் வட்டுகளில் நான்கை எண்ணிட்டுவிட்டேன். பிடி-ஆர்இயைக் கட்டுரைகளின் மொத்த நகலுக்கு மாதம் ஒருமுறை வைத்துக்கொள்கிறேன். தேறாத டிவிடி-ஆர்டபிள்யூக்களை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவற்றில் பழைய கணக்குகள் இருக்கின்றன. விரைவு அழிப்பு போதும்தானே?

#22 இரும்புப்பெட்டி

போதாது. விரைவு அழிப்பு வட்டின் தொடக்கப் பகுதியை மட்டும்தான் தொடும். கணக்குகள் அப்படியே உள்ளே கிடக்கும், கருவி தெரிந்தவர் எடுத்துவிடுவார். முழு அழிப்பு கொடுங்கள். பிளஸ் வட்டு ஏதாவது கழிவதாக இருந்தால் அதில் அழிப்பு என்று ஒன்று இல்லை. முழு வட்டையும் பூஜ்யங்களால் நிரப்புங்கள். டிரைவ் எழுத மறுக்கும் அளவுக்குக் கெட்டுப்போனவற்றைக் கனமான துணிக்குள் சுற்றி உடைத்துவிடுங்கள். துணி முக்கியம், சில்லுகள் கண்ணுக்குத் தெறிக்கும்.